ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றவர்கள்

சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு, எழும்பூர் பக்கம் பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒரு சின்னக் குழுவில் நான் இருக்கிறேன். புதிதாகச் சேர வருபவர்கள் முதலில் கேட்பது எத்தனை பொட்டலம் போடணும் என்றுதான். போய் ஒரு சுற்று பார்த்துட்டு வாங்க, வாங்கினவங்க எங்க உட்கார்ந்து சாப்பிடறாங்க, எங்க கை கழுவறாங்கன்னு கவனிங்க என்று சொல்லி அனுப்புவேன்.

அங்கே பூ கட்டும் ஒரு அம்மா. எட்டு மணிக்கு மேல் எதைக் கொண்டுபோனாலும் வாங்க மாட்டார். "புள்ளைங்களுக்குக் குடு கண்ணு, எனக்கு வேணாம்" என்பார். பழகின பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அவர்கள் போகும் கழிப்பிடத்தை ராத்திரி பூட்டிவிடுவார்கள், விடிந்தால்தான் திறப்பார்கள். "நடுராத்திரில வவுத்த கலக்குச்சுன்னா நான் எங்க போவேன் சொல்லு?" இருட்டினால் தண்ணீரும் குடிப்பதில்லையாம். அந்த வரிசையில் இருந்த மற்ற பெண்களைக் கேட்டால் அவர்களும் அதையேதான் சொன்னார்கள். சென்னை வெயிலில் பகலெல்லாம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திக்கொள்வது. நீர்க்கடுப்பு இல்லாத பெண் அங்கே அபூர்வம்.

அதிலிருந்து அந்தப் பக்கம் மட்டும் ஆறு மணிக்கே போகிறோம். சாம்பார் சாதம் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால் எலுமிச்சை சாதம், இல்லையென்றால் புளி சாதம். பல் போன பெரியவர்கள் நிறைய பேர் என்பதால் தயிர் சாதத்துக்குத் தனியாகக் குழைய வடிக்கிறோம். கூடவே ஒரு கேன் தண்ணீரும் மக்கும் தூக்கிப் போகிறோம். முன்பெல்லாம் குடிக்கக் கொடுத்த பாக்கெட் தண்ணீரிலேயே பாதியைக் கை கழுவச் செலவழிப்பார்கள். ஒரு தாத்தா பொட்டலத்தைப் பிரித்ததும் ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார், வலது கையை மட்டும் நனைப்பார், மீதியைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைப்பார். காலையில் மாத்திரை போட வேண்டுமாம்.

இன்னும் இரண்டு விஷயம். அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாள், திதி என்றால் ஒரே தெருவுக்கு நாலு வண்டி வந்து நிற்கும், செவ்வாய், புதனில் ஒருத்தரும் வருவதில்லை. அப்புறம், தயவுசெய்து போட்டோ எடுக்காதீர்கள். இவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள்: மூட்டை தூக்குவது, கல்யாணச் சமையலுக்குப் போவது, குப்பை பிரிப்பது. ஒரு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், "பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்ல பாத்தா அதுக்குத்தாம்மா கஷ்டம்." அன்றைக்கே எங்கள் குழுவில் கேமராவுக்குத் தடை போட்டோம்.

* * *

மேலே எழுதிய அக்காவின் குழுவோடு நானும் சில முறை போயிருக்கிறேன். கட்டடக்கலை படித்தவன் என்பதால் என் கண் கொஞ்சம் வேறு பக்கம் போகும்.

பஸ் ஸ்டாப் பெஞ்சுகளைப் பாருங்கள். நடுநடுவே ஒரு இரும்புக் கை வைத்திருப்பார்கள். கை ஊன்றி எழ வசதி என்பார்கள், ஆனால் அது இருந்தால் யாராலும் படுக்க முடியாது. மேம்பாலத்துக்கு அடியில் கூர்ங்கல் பதிப்பதும் கம்பி வேலி போடுவதும் இதே கணக்குதான். இது நம் ஊர்ப் புத்தி மட்டுமில்லை. லண்டனில் கேம்டன் பகுதிக்காக 2012-ல் ஒரு கான்கிரீட் பெஞ்ச் செய்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரிவு, அதில் யாரும் படுத்துத் தூங்க முடியாது. அதைச் செய்வதற்கு ஒருத்தர் உட்கார்ந்து வரைபடம் போட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதே திறமையை வைத்து ஒருவருக்கு இடம் கொடுக்கவும் முடியும். ஜெனரல் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணைக்கு வந்த ஒரு பெரியவர் பெஞ்சின் இரும்புக் கையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "உக்காரலாமாம், சாயக் கூடாதாம்."

அவர்கள் படுக்கும் இடங்களைக் கவனித்தால் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சுவர் ஓரமாகப் பெண்களும் குழந்தைகளும், ரோட்டுப் பக்கம் ஆண்கள். வெளிச்சம் வேண்டும், ஆனால் கண்ணில் அடிக்கக் கூடாது. காவலாளி இருக்கும் ஏடிஎம், ராத்திரி திறந்திருக்கும் டீக்கடை பக்கத்தில் இருந்தால் நல்லது. மழையில் தரை நனையும், எலி ஓடும் என்பதால் கொஞ்சம் உயரமான மேடை கிடைத்தால் அதற்குத்தான் முதல் போட்டி.

என்னைக் கேட்டால் பஸ் ஸ்டாப்பின் பின்பக்கமே போதும். ஒன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு திண்ணை, சாரல் அடிக்காத அளவுக்கு நீட்டிய கூரை, உட்கார்ந்தபடி கை கால் கழுவத் தாழ்வாக ஒரு குழாய், மூட்டையைப் பூட்டி வைக்க ஒரு கம்பி வளையம். பகலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் இதையேதான் பயன்படுத்துவார்கள். வழிப்போக்கர் தங்கட்டும் என்று சத்திரம் கட்டி வைத்த ஊர் இது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது.

* * *

தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். நான் ஒரு வீடற்றோர் காப்பகத்துல ராத்திரி டூட்டி பாக்கறவன். "காப்பகம்தான் இருக்கே, ஏன் இவங்க ரோட்லயே கெடக்கறாங்க"ன்னு எல்லாரும் கேக்கறாங்க.

மொதல்ல எண்ணிக்கை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஒவ்வொண்ணுலயும் 100 பேர் தங்கற வசதி, 24 மணி நேரமும் தெறந்திருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2010-லயே சொல்லியாச்சு. ஆளுக்கு 50 சதுர அடியாவது எடம் குடுக்கணும்னு காப்பகங்களுக்கான மத்திய அரசு திட்டத்துலயே சொல்லியிருந்தாங்க. 2011 கணக்குப்படியே சென்னை மாநகராட்சிக்குள்ள 60 லட்சத்துக்கு மேல ஜனம். எத்தனை காப்பகம் வேணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ரெண்டாவது, பெரும்பாலும் ஆம்பளைக்கு ஒரு காப்பகம், பொம்பளைக்கு ஒரு காப்பகம். புருஷன் பொண்டாட்டி, வயசுப் பொண்ணு, பத்து வயசுப் பையன்னு இருக்கற குடும்பம் எதுல போகும்? பிரிஞ்சு படுக்கறதுக்கு பிளாட்பாரமே மேல்னு அங்கயே இருந்துடறாங்க. தலைமுறை தலைமுறையா அங்கயே பொறந்து வளந்தவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு அது தெரு இல்ல, ஊரு. அடுத்தது வேலை. காசிமேட்டுக்கு மீன் எறக்கப் போறவர் விடியக்காலம் மூணு மணிக்குக் கெளம்பணும், கேட் பூட்டியிருந்தா கூலி போச்சு. தள்ளுவண்டியை எங்க நிறுத்தறது, கூடவே வளந்த நாயை என்ன பண்றதுங்கறதும் பாக்கி.

எங்க எடத்துல கேட் சாவியை வாட்ச்மேன் கையிலயே குடுத்து வெச்சு, வேலைக்குப் போறவங்க பேரை நோட்டுல எழுதிட்டு எப்ப வேணாலும் விடறோம். வண்டி நிறுத்தப் பின்னால கொஞ்சம் எடம் ஒதுக்கினோம். அதுக்கப்புறம் வந்தவங்க நெறைய பேர் தங்கிட்டாங்க.

ரோட்ல யாராவது முடியாம கெடந்தா 108-க்குப் போன் பண்ணுங்க, காப்பகத்துல சேக்கணும்னா மாநகராட்சி 1913. பூட்டிக் கெடக்கற கழிப்பிடத்தைப் பத்தியும் அதே நம்பர்ல புகார் குடுக்கலாம். புகார் எண்ணை வாங்கி வெச்சுக்கிட்டு விடாம கேளுங்க. அக்கா, வால்டாக்ஸ் ரோட்டுக் கழிப்பிடத்துக்கு நீங்க புகார் குடுத்தா எண்ணை எனக்கும் அனுப்புங்க, எங்க சைடுல இருந்தும் கேக்கறோம். செவ்வாய், புதன் சாப்பாட்டுக்கு ஆள் வேணும்னாலும் சொல்லுங்க, எனக்கு அந்த ரெண்டு நாளும் பகல்ல வேலை கெடையாது.