ஸ்லைடில் தொட்டால் பெரிதாகும் படம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரோஸ் ஹில் ஆசிரியை:
நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாளை வைத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஆங்கிலம், தமிழ், இந்தி என்பது தாளில் உள்ள வரிசை. 1998-ல் இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டு அச்சடித்ததும், தமிழர்கள் எதிர்த்ததால் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றதும் இந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் அந்த எழுத்து பொடிசு. இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்தால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் பெரிதாக வைத்தால் ஒப்பிட முடியாது.

பவர்பாயின்ட்டில் உள்ள 'ஸ்லைடு ஜூம்' எனக்குக் கை கொடுத்தது. ஒவ்வொரு தாளையும் தனி ஸ்லைடில் முழு அளவில் வைத்தேன். முதல் ஸ்லைடில் 'இன்செர்ட்' போய், 'ஜூம்' வழியாக அந்த ஸ்லைடுகளைச் சின்னப் படங்களாகச் சேர்த்தேன். 'ரிட்டர்ன் டு ஜூம்' என்பதை டிக் செய்துவிட்டால், பெரிதாகிக் காட்டியபின் மறு கிளிக்கில் பழைய இடத்துக்கே வந்துவிடும். இப்போது எந்தத் தாளைத் திறப்பது என்று பிள்ளைகள்தான் சொல்கிறார்கள். பாடம் அவர்கள் கைக்குப் போய்விட்டது, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

போர்ட் லூயி:
அக்கா, இந்த ஜூம் பவர்பாயின்ட் 2019 பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும் உண்டு. பழைய பதிப்பில் திறந்தால் வெறும் லிங்க் மாதிரிதான் வேலை செய்யும். எங்கள் சங்கத்துக் கணினி பழசு. அதனால் பெரிய படத்தை மறைத்த ஸ்லைடில் வைத்து, சின்னப் படத்திலிருந்து லிங்க் கொடுத்தேன். மறைத்திருந்தாலும் லிங்க் வழியாகத் திறக்கும். திரும்பி வர அங்கே ஒரு பட்டன் போட்டால் சரி.

வாக்குவா:
ஒப்பந்தக் கூலிகள் இங்கே வந்திறங்கியதை நினைவுகூரும் நவம்பர் 2 நிகழ்ச்சிக்காக, அவர்களின் பதிவேட்டுப் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டினேன். பக்கம் முழுக்க நுணுக்கமான கையெழுத்து. ஸ்லைடை நகலெடுத்து, நகலில் குறிப்பிட்ட வரி திரையை நிறைக்கும்படி படத்தை இழுத்துப் பெரிதாக்கி, நகலுக்கு 'மார்ஃப்' டிரான்சிஷன் கொடுத்தேன். திரை மெல்ல அந்த வரியை நோக்கிப் போனது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து நின்று, "இது எங்க ஊர்ப்பேரு" என்றார். அதற்கப்புறம் சபையிலிருந்து ஒவ்வொருவராக "அந்த வரியைக் காட்டுங்க, இந்த வரியைக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வரிசைப்படி நகரும் ஸ்லைடுகளில் இது நடக்கவே நடக்காது.

செய்முறை இதுதான்: ஒவ்வொரு வரி மேலும் ஒரு செவ்வகம் வரைந்து, அந்த வரியின் ஸ்லைடுக்கு லிங்க் கொடுங்கள். நிறத்தை அடியோடு எடுக்காமல், 100 சதவீதம் ஒளிபுகும்படி வையுங்கள். நிறமே இல்லையென்றால் உள்ளே தொட்டால் எடுக்காது. 'டிரான்சிஷன்ஸ்' பகுதியில் உள்ள 'ஆன் மவுஸ் கிளிக்' டிக்கையும் எடுத்துவிடுங்கள், கை தவறித் தொட்டாலும் அடுத்த ஸ்லைடு ஓடாது.

போர்ட் லூயி:
அண்ணா, பெரிதாக்கியும் எழுத்து மங்காமல் இருந்ததா?

வாக்குவா:
இருந்தது தம்பி. ஸ்கேன் செய்யும்போதே உயர்ந்த தரத்தில் எடுத்தோம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற இடத்தில் டிக் செய்துவிட்டுத்தான் படத்தைச் சேர்த்தேன். சேர்த்துச் சேமித்த பிறகு டிக் செய்தால், சுருங்கிய படம் மீளாது. ஃபைல் கனமாகும், ஆனால் அந்தப் பாட்டி படித்த எழுத்துக்காக எவ்வளவு கனமும் தாங்கலாம்.