மவுண்ட்: ஏற்றுவதா, பொருத்துவதா, மாட்டுவதா?

குழுவினருக்கு வணக்கம்.

வழங்கியில் (சர்வர்) பகிரப்படும் கோப்புறைகளை நிர்வாகியல்லாத பயனரும் தம் லினக்ஸ் கணினியில் மவுண்ட் செய்துகொள்வது (ஓர் அடைவின் வழியாகத் தெரியும்படி இணைப்பது) பற்றிய கையேடு தமிழாகிறது. மவுண்ட், அன்மவுண்ட், மவுண்ட் பாயின்ட், ஆட்டோமவுண்ட் ஆகிய நான்குக்கும் ஒரே வேரிலிருந்து சொற்கள் வேண்டும்.

இடைமுகங்களில் இப்போது புழங்கும் சொல் "ஏற்று". கருவகத்தின் (கெர்னல்) கூறு ஒன்றை லோட் செய்வதற்கும் அதே சொல்தான். சிஃப்ஸ் (விண்டோஸ் பாணிக் கோப்புப் பகிர்வு நெறிமுறை) பகிர்வை மவுண்ட் செய்யுமுன் கருவகம் சிஃப்ஸ் கூறை லோட் செய்தாக வேண்டும். "சிஃப்ஸ் ஏற்றப்படவில்லை" என்று பிழை வந்தால் ஏறாதது கூறா, கோப்புறையா? அன்மவுண்டை "இறக்கு" என்றால் இன்னும் மோசம், பதிவிறக்கம் என்றே படிப்பார்கள். மவுண்டில் எதுவும் நம் வட்டுக்கு வந்து சேர்வதில்லை. கோப்பு வழங்கியிலேயே கிடக்கிறது, இங்கே ஓர் அடைவின் வழியாகத் தெரிகிறது, அவ்வளவே.

என் பரிந்துரை: பொருத்து, கழற்று, பொருத்துமிடம், தானே பொருத்தல்.

——

மறுமொழி:

> என் பரிந்துரை: பொருத்து

"கழற்று" சரி. "பொருத்து" பக்கத்திலேயே "பொருந்து" நிற்கிறது, அதுதான் தொல்லை. அடிக்கடி வரும் பிழை ஒன்றை எழுதிப் பாருங்கள். 2017இல் வந்த 4.13 கருவகம் முதல் எஸ்எம்பி 1 (சிஃப்ஸ் பகிர்வு பேசும் நெறிமுறையின் முதல் பதிப்பு) இயல்பிருப்பாக இல்லை. அந்தப் பழைய பதிப்பை மட்டுமே பேசும் சேமிப்பகக் கருவியை மவுண்ட் செய்யப் போனால் பிழை 112 வரும். "வழங்கி செயலற்றுள்ளது" என்று செய்தி சொல்லும், பிங் செய்தால் பதில் ஒழுங்காக வரும். காரணத்தை உங்கள் சொல்லால் விளக்கினால்: "பதிப்பு பொருந்தாததால் பொருத்த முடியவில்லை." வாசகருக்கு நாக்கும் சுளுக்கும், பொருளும் தப்பும். (விருப்பங்களில் வெர்ஸ்=1.0 சேர்த்தால் வேலை நடக்கும். ஆனால் அது பாதுகாப்பற்ற பதிப்பு, கருவியின் நிலைபொருளைப் புதுப்பிப்பதே மேல்.)

"மாட்டு" என்றால் என்ன குறை? மாட்டுவது, கழற்றுவது என்று பேச்சிலேயே இணையாக வருகிறது. மாட்டிடம், தன்மாட்டல், மாட்டுரிமை என்று கிளைக்கவும் செய்யும். தொல்காப்பியச் செய்யுளியலில் மாட்டு என்றே ஓர் உறுப்பு உண்டு. பொருள் தொலைவில் கிடந்தாலும் அருகில் கிடந்தாலும் கொண்டுவந்து இயைத்து முடிப்பது. பிணையக் கோப்புறைக்கும் அதே இலக்கணம்!

——

மறுமொழி:

தொல்காப்பியம் வரை போவானேன், "மாட்டிக்கொண்டது" என்ற பேச்சு வழக்கு போதும் இதைக் கவிழ்க்க. என்எஃப்எஸ் (யூனிக்ஸ், லினக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு நெறிமுறை) வழங்கி படுத்துவிட்டால், இயல்பான ஹார்டு விருப்பத்தில் அது எழும்வரை நிரல் காத்துக்கொண்டே இருக்கும். "மாட்டிய கோப்புறை மாட்டிக்கொண்டது" என்றா எழுதுவது? மாட்டு வண்டி கேலியும் கட்டாயம் வரும்.

"பூட்டு" என்றும் சிலர் சொல்வார்கள். ஏர் பூட்டுவது போல அழகான வினைதான். கோப்புப் பூட்டு ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. "ஒட்டு" மரக்கிளைக்குப் பொருத்தமானது, வெட்டு-ஒட்டு கெடுத்துவிடும்.

சொல்லை மட்டும் எடைபோடாமல் கையேட்டின் கடினமான பத்தி ஒன்றை "மாட்டு" கொண்டு யாராவது எழுதுங்கள். நின்றால் ஏற்கிறேன்.

——

மறுமொழி:

எழுதிப் பார்த்தேன்:

"மாட்டுரிமை இயல்பாக மூலப்பயனருக்கே (ரூட்) உண்டு. எவரும் எதையும் எங்கும் மாட்டலாம் என்றால், செட்யுஐடி பிட் (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடச் செய்யும் குறி) வைத்த நிரலைத் தம் வழங்கியில் வைத்து, அதை இங்கே மாட்டி இயக்கி, மூலப்பயனராகிவிடலாம். கணினியின் அமைவுக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவின்மேலேயே வேறொன்றை மாட்டிக் கடவுச்சொல் கோப்பை மறைக்கவும் முடியும். ஆகவே எதை எங்கே மாட்டலாம் என்பதை நிர்வாகி எஃப்எஸ்டேப் கோப்பில் (மாட்ட வேண்டியவற்றின் பட்டியல்) ஒரு வரியாக எழுதிவைக்கிறார், பயனர் அந்த வரியை மட்டும் இயக்குகிறார்.

வரியில் ஆறு புலங்கள்: பகிர்வின் முகவரி, மாட்டிடம், வகை, விருப்பங்கள், பிறகு 0, 0. பகிர்வின் பெயரில் இடைவெளி இருந்தால் அவ்விடத்தில் \040 என்று எழுதவும். இல்லையேல் இடைவெளிக்குப் பின்னுள்ளதை அடுத்த புலமாக எடுத்துக்கொள்ளும்.

விருப்பங்களில் 'யூசர்' என்றால் எவரும் மாட்டலாம், மாட்டியவரே கழற்றலாம் (மூலப்பயனருக்குத் தடையில்லை). 'யூசர்ஸ்' என்றால் எவரும் மாட்டலாம், எவரும் கழற்றலாம். இரண்டுமே நோஎக்ஸெக் (நிரல் இயக்கத் தடை), நோசூயிட் (செட்யுஐடி பிட்டுக்குத் தடை), நோடெவ் (சாதனக் கோப்புகளுக்குத் தடை) மூன்றையும் தாமே சேர்த்துக்கொள்ளும். பகிர்விலுள்ள நிரலை நேரடியாக இயக்க வேண்டுமானால் 'எக்ஸெக்' என்பதை 'யூசர்' என்பதற்குப் பின்னால் எழுத வேண்டும், முன்னால் எழுதினால் அடிபட்டுப்போகும். தொடக்கத்திலேயே மாட்ட முயலாதிருக்க 'நோஆட்டோ'.

எஃப்எஸ்டேப் கோப்பை எவரும் படிக்கலாம், அதில் கடவுச்சொல் கூடாது. பயனரின் வீட்டு அடைவில் தனிக்கோப்பில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து, அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) ஆக்கி, அதன் பாதையை 'கிரெடென்ஷியல்ஸ்' விருப்பத்தில் தரவும். கடவுச்சொல்லில் காற்புள்ளி இருந்தாலும் இதுவே வழி. விருப்பப் பட்டியலில் காற்புள்ளிதான் பிரிப்பான். சிஃப்ஸ் பகிர்வுக்கு யுஐடி (பயனர்), ஜிஐடி (குழு) எண்களையும் தரவும். இல்லாவிட்டால் கோப்புறை மாட்டப்பட்டிருக்கும், கோப்புகள் மூலப்பயனருடையவையாகத் தெரிந்து எழுத மறுக்கலாம்."

பத்தி நிற்கிறது. குறிப்பாக "எவரும் மாட்டலாம், மாட்டியவரே கழற்றலாம்" என்ற வரி. ஆங்கிலக் கையேட்டில் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

——

மறுமொழி:

ஏற்கிறேன். நிரல் காத்துக் கிடக்கும் ஹேங்கை "உறைந்தது" என்று பிரித்துவிட்டால் என் மறுப்பு தீர்ந்தது. பத்தியில் இரண்டு சேருங்கள். மவுண்ட்.சிஃப்ஸ் உதவி நிரலுக்கே செட்யுஐடி பிட் இல்லாவிட்டால், வரி சரியாக இருந்தும் பயனரால் மாட்ட முடியாது. என்எஃப்எஸ்ஸுக்குப் பயனர்பெயர் தருவதில்லை. வழக்கமான அமைப்பில் பயனர் எண்தான் பார்க்கப்படும். இங்கே 1000 ஆக இருப்பவர் வழங்கியில் 1001 என்றால் தம் கோப்பே தமக்கு அயல்.

"கழற்ற முடியவில்லை, புழக்கத்தில் உள்ளது" என்ற பிழைக்கு முதலில் பார்க்க வேண்டியது, ஏதாவதொரு முனையச் சாளரம் அந்த அடைவுக்குள் நிற்கிறதா என்பது. எந்த நிரல் பிடித்திருக்கிறது என்பதை ஃபியூசர் கட்டளை -எம் விருப்பத்துடன் காட்டும்.

மிச்சம் ஒன்று: லேசி அன்மவுண்ட். "சோம்பல் கழற்றல்" வேண்டாமே. அது மாட்டிடத்தை உடனே விடுவிக்கிறது, திறந்திருக்கும் கோப்புகள் மூடியபின்தான் உண்மையில் கழல்கிறது. "பிற்கழற்றல்" எப்படி?