நம்ம வீட்டுக் குழு: பருத்திக்கு ஏன் விலை குறைந்தது?

முருகேசன்: இன்று ஏலத்தில் நம் பருத்தியைப் பக்கத்துக் காட்டுக்காரரை விட குவிண்டாலுக்கு 600 ரூபாய் குறைத்துக் கேட்டார்கள். ஒரே விதை, ஒரே தண்ணீர். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார், அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். மனசே சரியில்லை.

செல்வி: எவ்வளவு கூலி கொடுத்து எடுத்தது அண்ணா 😔

நித்யா: சித்தப்பா, மூட்டை நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து வெயிலில் வைத்துப் படம் போடுங்கள். மில் லேபில் தினமும் இதைத்தானே பார்க்கிறேன்.

முருகேசன்: 📷 படம்

நித்யா: மஞ்சள் அடித்திருக்கிறதே. பனியோடு எடுத்தீர்களா?

முருகேசன்: ஆமாம்மா. வெயில் ஏறும் முன் முடிக்கலாம் என்று ஆட்கள் 6 மணிக்கே வந்துவிட்டார்கள்.

நித்யா: ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பழுத்துவிடும். சரி, கொட்டையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிரித்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரும்ப இழுங்கள், நாலைந்து தடவை செய்தால் இழை நேராக நிற்கும், அதை ஸ்கேலில் வையுங்கள்.

முருகேசன்: 29, 30 மில்லிமீட்டர் வருகிறது.

நித்யா: அப்போது நீளத்தில் குறையே இல்லை, 40ஆம் நம்பர் நூலுக்குப் போகிற பஞ்சு. அப்புறம் மைக்ரோனேர், அதாவது இழையின் பருமனையும் முற்றலையும் காட்டுகிற எண், 3.5க்கும் 4.9க்கும் நடுவில் இருக்க வேண்டும், அது மெஷினில்தான் தெரியும். கீழே போனால் பெரும்பாலும் முற்றாத இழை, நூலில் முடிச்சு விழும், சாயமும் சரியாக ஏறாது. கொட்டுப் பருத்தியை, அதாவது சரியாக வெடிக்காத, கறைபட்ட பருத்தியைக் கலந்தீர்களா?

முருகேசன்: கடைசி இரண்டு மூட்டையில் கொஞ்சம்.

ரவி: அதைத் தனியாகப் போடுங்கள் மச்சான். அது கலந்தால் பஞ்சு குறையும். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கிற எங்கள் அரவையில் 100 கிலோ பருத்திக்கு 34 கிலோ பஞ்சு வருவது ஒரு கணக்கு, 37 வருவது வேறு கணக்கு. வியாபாரி மொத்தத்துக்கும் மோசமான மூட்டையை வைத்துத்தான் விலை சொல்வார்.

நித்யா: படத்தில் ஓரமாக வெள்ளைப் பிசிறு தெரிகிறது, உரச்சாக்கா? சித்தப்பா, இதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த பிளாஸ்டிக் நார் மெஷினில் துண்டு துண்டாகக் கிழிந்து நூலுக்குள் போய்விடும், பருத்தி பிடிக்கிற சாயத்தை அது பிடிக்காது, துணியாகிச் சாயம் போட்ட பிறகுதான் வெள்ளைக் கோடாகத் தெரியும். எங்கள் மில்லில் அக்காமார்கள் உட்கார்ந்து தலைமுடி, சாக்கு நார், மிட்டாய்க் காகிதம் என்று கையால் பொறுக்குகிறார்கள், அப்படியும் தப்பிவிடுகிறது.

முருகேசன்: இதுவரை யாரும் இதைச் சொல்லவில்லையே அம்மா. அடுத்த எடுப்பு வியாழக்கிழமை, பனி காய்ந்த பிறகு 9 மணிக்கு மேல் வரச் சொல்கிறேன். சாக்குக்கு என்ன செய்வது?

செல்வி: என்னிடம் பழைய நூல் புடவை ஆறு இருக்கிறது அண்ணா. இன்று ராத்திரியே பையாகத் தைத்து வைக்கிறேன்.