பழைய மடிக்கணினியில் உண்மையான எழுமாற்று எண் எடுக்கலாமா?

கனகராயன் (கிளிநொச்சி)
சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாத ஆண்டுகளில், யாருக்கு எந்தத் துண்டு என்று எங்கள் கமக்காரர் அமைப்பில் சீட்டுப் போட்டு எடுப்போம். இம்முறை கணினியில் செய்து தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நேரத்தை விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, கொடுத்து பைதன் நிரல் மொழியின் ராண்டம் மொடியூலை ஓடவிட்டால், அந்த நேரம் தெரிந்தவர் வீட்டிலிருந்தே அதே பட்டியலை எடுத்துவிடுவார். மைக் துளையில் வரும் வெறும் இரைச்சலைப் பாவிக்கலாமா?

பாலைப்பழம்
பாவிக்கலாம் தம்பி. தடையிக்குள் இலத்திரன்கள் வெப்பத்தில் ஆடுவதால் பிறக்கும் இரைச்சல் அது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் சார்ஜர் செருகியிருந்தால் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே ஏறும். அது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது, எழுமாறே இல்லை. பட்டரியில் ஓடவிடுங்கள். சில சவுண்ட் கார்ட்டுகள் மைக் இல்லாவிட்டால் சுழியத்தை மட்டுமே தரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலை அளந்து கணினி தரும் ஒவ்வொரு எண்ணிலும் கடைசி பிட்டை (0 அல்லது 1) மட்டும் எடுத்துச் சோடி சோடியாகப் பாருங்கள். 01 என்றால் 0, 10 என்றால் 1. 00, 11 இரண்டையும் வீசிவிடுங்கள். கணிதவியலாளர் வொன் நியூமன் 1951இல் சொன்ன வழி. ஒரு பக்கச் சாய்வு இதில் போய்விடும். ஆனால் அடுத்தடுத்த பிட்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் இது போதாது. நிறையச் சேர்த்து ஷா-256இல் போடுங்கள். எதைக் கொடுத்தாலும் கலக்கி 256 பிட் பெறுமானமாகத் தரும் கணக்கு அது, பெறுமானத்தை வைத்துக் கொடுத்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

முல்லைக்கரை
லினக்ஸ் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. விசை அழுத்தும் நேரம், டிஸ்க் பதில் தரும் நேரம் போன்றவற்றின் நுண்ணிய வித்தியாசங்களை அதன் மையப் பகுதியான கேர்னலே திரட்டி வைத்திருக்கிறது. 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் தொடங்கி இன்டெல் சில்லுகளுக்குள் இதற்கென்றே ஒரு சுற்றும் உண்டு. பைதனில் ராண்டமுக்குப் பதில், இவற்றிலிருந்து எண் எடுக்கும் சீக்ரெட்ஸ் மொடியூலைப் போடுங்கள், சரி.

பாலைப்பழம்
எண்ணுக்கு அது போதும், நானும் அதையே எடுப்பேன். ஆனால் தண்ணீர் கிடைக்காதவர் உங்கள் திரையை ஏன் நம்ப வேண்டும்? அவருக்கு அது ஒரு வருடச் சோறு.

கூட்டத்துக்கு முன் கணினி 256 பிட் எண் ஒன்றை எடுக்கட்டும். அதன் ஷா-256 பெறுமானத்தை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள், பிறகு எண்ணை மாற்றினால் பிடிபட்டுவிடும். பிறகு ஒவ்வொருவரும் ஒரு எண்ணைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். பெட்டியைத் திறந்து வாசித்தபின் கணினியின் எண்ணையும் காட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மீண்டும் ஷா-256இல் போட்டு, வருவதை விதையாக வைத்துப் பட்டியலைக் கலையுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை யாராவது தன் போனிலேயே அதைச் சரிபார்க்கலாம்.