ஹோட்டல் கலிபோர்னியா: அம்மாவுக்கு என்ன அர்த்தம் சொல்வது?

கொட்டகலை கிட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளி, சனி இரவுகளில் கிட்டார் வாசித்துப் பாடுகிறேன். ஏப்ரல் சீசன் என்றால் தினமும். ஆறு வருடமாகிறது. எந்த இரவானாலும் ஒன்பதரைக்குள் ஏதாவது ஒரு மேசையிலிருந்து துண்டுச்சீட்டு வந்துவிடும்: 'ஹோட்டல் கலிபோர்னியா'. அமெரிக்க ஈகிள்ஸ் குழுவின் இங்கிலீஷ் பாட்டு. சிலர் எழுத்துப்பிழையோடு 'கொட்டல்' என்றும் எழுதுவார்கள்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு அக்கா யூடியூப்பில் எதையோ பார்த்துவிட்டு வந்து, அது சாத்தானைக் கும்பிடுகிறவர்களின் பாட்டு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இங்கிலீஷ் தெரியாது. சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீ பேய்ப்பாட்டு பாடியா இவ்வளவு நாளும் காசு கொண்டுவந்தே?"

இல்லை என்று சொல்லி வரிவரியாகத் தமிழில் சொல்லப் பார்த்தேன். இருட்டு, பாலைவனத்து ரோட்டு, தலைமயிரில் குளிர்காற்று. அது வரைக்கும் சரி. அடுத்த வரியில் 'கொலீட்டாஸ்' வாசம் வருகிறது. அங்கே நின்றுவிட்டேன். ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடியிருக்கிறேன், அது என்னவென்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உள்ளர்த்தம் ஏதும் உண்டா? அம்மாவிடம் என்ன சொல்வது?

பண்டாரவளைக் கெசட்:

தம்பி, சாத்தான் கதை பழைய கதை. 1976 டிசம்பரில் வந்த இசைத்தட்டு அது. உறையின் உள்பக்கப் படத்தில் மேல் பால்கனியில் ஒரு உருவம் மங்கலாக நிற்கும். அமெரிக்காவில் சாத்தான் சபை ஆரம்பித்த அன்டன் லாவே அது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். வெளி உறையில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். பணக்காரர்கள் தங்குகிற இடம், பேய் பங்களா இல்லை.

கொலீட்டாஸ் ஸ்பானியச் சொல், 'சின்ன வால்கள்' என்று அர்த்தம். கஞ்சாச் செடியின் மொட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு.

பாடிய டொன் ஹென்லி, ஒன்றும் அறியாதவன் அனுபவத்துக்குள் போகிற பயணம் இது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். புகழும் பணமும் குவிந்த லொஸ் ஏஞ்சலஸ் வாழ்க்கையில் மாட்டிக்கொண்டதைத்தான் பாடுகிறார்கள். கத்தியால் குத்தியும் அந்த மிருகத்தைக் கொல்ல முடியவில்லை என்று வருகிறதே, அதில் கத்தியைச் சொல்கிற 'ஸ்டீலி' (எஃகு) என்ற சொல் ஸ்டீலி டான் என்ற இன்னொரு இசைக்குழுவுக்குப் போட்ட கும்பிடு. அந்தக் குழு அதே 1976இல் ஒரு பாட்டில் 'ஈகிள்ஸைச் சத்தமாக வை, அக்கம்பக்கத்தார் ஒட்டுக்கேட்கிறார்கள்' என்று சீண்டியிருந்தது. ஆக, அது கூட்டாளிகளுக்குள் நடந்த பகிடி.

எனக்குப் பிடித்த இடம் வைன் கேட்கிற இடம். 'அந்த ஸ்பிரிட் 1969க்குப் பிறகு இங்கே இல்லை' என்று பதில் வரும். ஸ்பிரிட் என்றால் சாராய வகையும்தான், உள்ளத்து வேகமும்தான். வுட்ஸ்டொக் என்ற பெரிய இசைவிழா நடந்தது அந்த வருடம் ஓகஸ்டில். வைன் வடித்தெடுக்கிற சாராயம் இல்லையே, வரி பிழையல்லவா என்று ஒரு பத்திரிகைக்காரர் 2009இல் ஹென்லியிடமே கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.

சிங்கமலைச் சுரங்கம்:

எனக்கு இந்தக் கிண்டிக் கிளறுகிற வேலையே பிடிக்காது. டீப் பர்பிள் குழுவின் 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாட்டில் தண்ணீர் மேல் புகை என்றால் போதை என்று ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் விளக்கினார். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்து மொந்த்ரேயில் கசினோ தீப்பிடித்தது, புகை ஏரி மேல் பரவியது, ரெக்கோர்டிங்குக்குப் போயிருந்த குழு கண்ணால் பார்த்து எழுதியது. புகை என்றால் புகை!

பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனனோ தான் படித்த பள்ளியில் தங்கள் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேண்டுமென்றே ஒன்றும் விளங்காதபடி 1967இல் 'வோல்ரஸ்' பாட்டை எழுதினார். இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

லிந்துலை டீச்சர்:

அண்ணன் சொல்வது பாதிதான் சரி. ஹட்டனில் என் சித்தி மகளின் கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது பேண்ட்காரர்கள் 'எவ்ரி பிரெத் யூ டேக்' வாசித்தார்கள். எல்லாரும் சொக்கிப்போய் நிற்கிறார்கள். நான் இங்கிலீஷ் டீச்சர், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீ எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான் அவன். அது காதலா, உளவா? எழுதிய ஸ்டிங்கே அது கெட்ட பாட்டு என்கிறார். (மாப்பிள்ளை இப்போது நாளைக்குப் பத்துத் தடவை போன் எடுத்து "எங்க இருக்கே?" என்கிறாராம். பாட்டைக் குறை சொல்லவில்லை.)

கொலீட்டாஸ் என்றதும் எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து கூடையை வைத்துவிட்டு "இன்னைக்கு அரைப்பேருதான்" என்பார். என்னோடு படித்த கொழும்பு நண்பி ஒருத்தி ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு, அடையாளத்தில் பாதியை இழந்தவளின் குரல் என்று கட்டுரையே எழுத வெளிக்கிட்டாள். கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர் என்றேன். முகம் வாடிவிட்டது. நமக்கு அது செக்றோல் (தோட்டத்துப் பேர்ப்பதிவு) சொல், அவளுக்குக் கவிதை. அப்புறம் யோசித்தால், அவள் சொன்னதும் முழுக்கப் பிழையென்று எனக்குத் தோன்றவில்லை.

தலவாக்கலைப் பனி:

எப்போது வேண்டுமானாலும் கணக்கை முடிக்கலாம், ஆனால் வெளியே போக முடியாது என்று முடிகிறதே, அது அப்படியே நம்ம தோட்டத்து லயம், வரிசை வீடுகள்தானே!

கொட்டகலை கிட்டார்:

பனி, அது எனக்கும் வந்த யோசனைதான். ஆனால் அது நாம் கொண்டுபோய் வைக்கிற அர்த்தம். அம்மாவுக்கு அது தோன்றக்கூட இல்லை.

நேற்று இரவு முழுப் பாட்டையும் சொன்னேன். கொலீட்டாஸ் ஏதோ பூச்செடி என்று சமாளித்துவிட்டேன், கெசட் அண்ணன் மன்னிக்கவேண்டும். வைன் கேட்கிற இடம் வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நாள் துரை பங்களாவில் வேலை செய்தவர் அல்லவா. "அங்க சமையக்கார அப்பும் அப்படித்தான் சொல்லுவாரு. விருந்தாளி ஏதாவது போத்தல் கேட்டா, அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சுங்க ஐயான்னு. போத்தல் உள்ளுக்குள்ளேயே இருக்கும். இதுல பேய் எங்க வந்துச்சு?"

நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி: "சீட்டு குடுக்குறவங்க அதோட காசு வைப்பாங்களா?"

ஐநூறு, சில பேர் ஆயிரம் என்றேன்.

"அப்பப் பாடு."

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. அந்த பால்கனிப் படத்தைப் பெரிதாக்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.