ஷிப்டுக்கு 2,000 டேக் அடிக்கும் வேலைக்கு எந்த வெல்டிங் ஹெல்மெட் ஏற்றது?

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் உள்ள பிறை தொழிற்பேட்டையில், கிடங்கு அலமாரிகளுக்கான இரும்புத் தாங்கிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாக மிக் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மின்வெல்டிங்) வெல்டராக வேலை செய்கிறேன். 3 மில்லிமீட்டர் தகட்டை ஜிக்கில் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தில்) வைத்துப் பூட்டி, ஒவ்வொரு தாங்கிக்கும் எட்டு இடங்களில் டேக் (சிறு ஒட்டு வெல்டிங்) அடித்து, கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். ஒரு டேக்குக்கு இரண்டு வினாடிகூட ஆகாது. ஷிப்டுக்கு 250 தாங்கிகள் கணக்கு என்பதால், நாளொன்றுக்கு 2,000 முறை ஆர்க் (வெல்டிங் மின்வெளிச்சம்) எழும்பி அணைகிறது.

இதுவரை கறுப்புக் கண்ணாடி பொருத்திய சாதாரண ஹெல்மெட்டைத்தான் அணிந்து வருகிறேன். வலக்கையில் டார்ச், இடக்கையில் பாகம் என்று இரண்டு கைகளும் நிறைந்திருப்பதால், தலையை வெடுக்கென்று ஆட்டித்தான் ஹெல்மெட்டை இறக்க வேண்டியிருக்கிறது. மாலையில் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, பக்கத்தில் வரும் வண்டியைப் பார்க்கக் கழுத்து திரும்புவதில்லை; தோளையே சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே தானாக இருளும் ஆட்டோ ஹெல்மெட் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். பட்டர்வொர்த்தில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தபோது, நூறு ரிங்கிட்டுக்குள்ளும் கிடைக்கிறது, ஆயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. கண்ணாடி இருளும் வேகம் என்று பெட்டிமேல் ஒன்றில் 1/10,000 வினாடி, இன்னொன்றில் 1/25,000, மற்றொன்றில் 1/30,000 என்று போட்டிருக்கிறார்கள். இந்த வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தேவைதானா? எங்கள் வரிசையில் ஒருவர் ஆட்டோ ஹெல்மெட் வாங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு இரவுகள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல் கண்டு, அதைத் தூக்கி எறிந்துவிட்டார். அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. மேலும், ஆட்டோ வேண்டுமென்றால் சொந்தக் காசில் வாங்கிக்கொள் என்கிறார் மேற்பார்வையாளர். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

மின்யாக் பட்டறை எழுதியது:

தம்பி, புக்கிட் மின்யாக்கில் சிறிய இரும்புப் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். நாங்களும் டேக் வேலைதான் அதிகம் செய்கிறோம். முதலில் அந்த வேகக் கணக்கை முடித்துவிடுவோம். 1/25,000 வினாடியில் இருளும் கண்ணாடியுடன் 2,000 முறை ஆர்க் எழுப்பினால், கண்ணாடி இருளும் முன்பு கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம் ஷிப்ட் முழுவதற்கும் சேர்த்து 0.08 வினாடிதான். 1/10,000 என்றாலும் 0.2 வினாடி. அந்த இமைப்பொழுதிலும் உங்கள் கண்முன் இருப்பது வெற்றுக் கண்ணாடி அல்ல. இருளாத நிலையிலேயே அது ஷேட் (கண்ணாடியின் கறுப்பைக் குறிக்கும் எண்; கூடினால் கறுப்பு கூடும்) 3 அல்லது 4 அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும். எனவே 25,000-க்கும் 30,000-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு ரிங்கிட்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பெட்டிமேல் பெரிய எழுத்தில் போடாத ஒன்றுதான் உங்கள் வேலைக்கு முக்கியம். ஆர்க் அணைந்த பிறகு கண்ணாடி மறுபடி தெளிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சொல்கிறேன். டிலே என்று எழுதிய குமிழ் அதற்குத்தான் இருக்கிறது; பெரும்பாலும் 0.1 வினாடியிலிருந்து 1 வினாடிவரை திருப்பலாம். அது 0.9-இல் நின்றிருந்தால், 2,000 டேக்குக்கு 1,800 வினாடி, அதாவது ஒரு ஷிப்டில் அரை மணி நேரம், அடுத்த டேக் விழ வேண்டிய இடம் தெரியாமல் இருட்டில் நிற்பீர்கள். 0.1-க்கு இறக்கினால் அதே நேரம் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. விலை குறைந்த சில ஹெல்மெட்டுகளில் இந்தக் குமிழே கிடையாது. அல்லது கண்ணாடிக்கு உட்புறம் இருந்துகொண்டு, கையுறையைக் கழற்றாமல் திருப்ப முடியாதபடி இருக்கும். தடித்த இரும்பில் அதிக ஆம்பியரில் நீளமாக ஓட்டுபவர்கள், அணைந்த பின்னும் உலோகம் தகதகக்கும் என்பதால், டிலேயைக் கூட்டி வைப்பார்கள். 3 மில்லிமீட்டரில் சிறு டேக் அடிக்கும் உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

அடுத்தது, தெளிந்த நிலையில் எவ்வளவு தெரிகிறது என்பது. நீளமாக வெல்டிங் ஓட்டுபவர் பெரும்பாலான நேரம் இருண்ட கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். நீங்களோ பாகத்தை எடுப்பது, ஜிக்கில் பொருத்துவது, டார்ச்சை நகர்த்துவது என்று தெளிந்த கண்ணாடி வழியாகத்தான் அதிகம் பார்க்கிறீர்கள். ஷேட் 4 கண்ணாடி, வரும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 பங்கைத்தான் உள்ளே விடும்; ஷேட் 3 ஏறத்தாழ 8 முதல் 18 பங்குவரை விடும். கடையில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாலே புரிந்துவிடும். ஷேட் 4 போட்டுக்கொண்டு பாகம் பொருத்துபவர், ஒரு மணி நேரத்தில் சலித்துப்போய் ஹெல்மெட்டைத் தூக்க ஆரம்பித்துவிடுவார். தூக்கினால் கண் போகும்.

உங்கள் நண்பருக்கு நடந்ததும் அதுவாகவே இருக்கலாம். கண்ணில் ஆர்க் அடிப்பது புற ஊதாக் கதிரால் நேர்வது. பட்டவுடன் தெரியாது, பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் படுக்கப் போன பிறகே எரியத் தொடங்கும். முறையாகச் சான்று பெற்ற ஆட்டோ கண்ணாடியில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் அடுக்கு தனியாக இருக்கிறது. கண்ணாடி இருண்டிருந்தாலும் தெளிந்திருந்தாலும், பேட்டரி தீர்ந்திருந்தாலும்கூட அது வேலை செய்யும். ஆகவே, முகத்தின் முன் இறங்கியிருக்கும் நல்ல ஹெல்மெட் மெதுவாக இருண்டால் கண் கூசும், அசதி வரும். ஆனால் மணல் கொட்டியதுபோன்ற எரிச்சலுக்குக் காரணம் வேறு. அவர் பாகம் மாற்றும்போது ஹெல்மெட்டைத் தூக்கினாரா, அந்த நேரத்தில் அடுத்த ஸ்டேஷனில் ஆர்க் எரிந்ததா, இடையில் திரை இருந்ததா, வாங்கிய ஹெல்மெட்டில் சான்று எண் ஏதாவது பொறித்திருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

ராடு காலத்து ஆள் எழுதியது:

மேலே எழுதியவர் கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணக் கண்ணாடியை இப்படி ஒரேயடியாக ஓரங்கட்டுவதை ஏற்க முடியவில்லை. அதில் பேட்டரி கிடையாது, சென்சார் கிடையாது, கெட்டுப்போகவும் ஒன்றும் கிடையாது; கண்ணாடி உடைந்தால் சில ரிங்கிட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்வீடனில் 1981-ஆம் ஆண்டு ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் ஆட்டோ கண்ணாடி வந்தது. எங்கள் கப்பல் பட்டறைக்கு அது வந்து சேர்ந்தபோது, ஃபோர்மேன் ஒருவர் மட்டும் அதை வைத்திருந்தார், மற்றவர்கள் தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டார். இன்று இளைஞர்கள் அதை இரும்புத் தூள் படிந்த பெட்டிக்குள் கவிழ்த்துப் போடுகிறார்கள். பிறகு வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறார்கள்.

ஆயினும் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், ராடு (வெல்டிங் குச்சி) முழுவதும் எரியும்வரை ஒரே இடத்தில் அமர்ந்து ஓட்டும் வேலைக்குத்தான் நான் இதைச் சொல்கிறேன். நாளுக்கு 2,000 முறை தலையாட்டுவதற்கு மனிதக் கழுத்து உண்டாக்கப்படவில்லை. என் கழுத்தும் அதற்குச் சாட்சி. வாங்குவதாக இருந்தால், பேட்டரியை நாமே மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். சூரியத் தகடு மட்டும் இருக்கிறது, பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கிறது என்றால், அது தீரும் நாளில் ஹெல்மெட்டும் தீர்ந்தது.

பிறைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நண்பரிடம் கேட்டேன், பாகம் மாற்றும்போதெல்லாம் தூக்கியது உண்மைதான் என்றும், கண்ணாடி மிகவும் கறுப்பாக இருந்ததால் தூக்காமல் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

இதற்கிடையில், பராமரிப்புப் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து ஆட்டோ ஹெல்மெட் ஒன்றை இரண்டு நாள்களுக்கு இரவல் வாங்கினேன். டிலேயை அடியில் வைத்து, ஷேட் 11-இல் ஓட்டினேன். ஆம்பியர் 140 அளவில் இருக்கும். முதல் நான்கு டேக்குகள் மிகவும் சுகமாக விழுந்தன. ஆனால் ஐந்தாவதிலும் ஆறாவதிலும், ஆர்க் எரிந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடி பளிச்சென்று தெளிந்துவிடுகிறது. ஒவ்வொரு தாங்கியிலும் அதே இரண்டு இடங்களில்தான் இப்படி நடக்கிறது. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. ஹெல்மெட்டில்தான் கோளாறா?

மின்யாக் பட்டறை எழுதியது:

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், கோளாறு ஹெல்மெட்டில் இல்லை, ஜிக்கில் இருக்கிறது. அந்த இரண்டு டேக்குகளுக்கும் உங்கள் முகத்துக்கும் இடையில் ஏதோ ஒன்று நிற்கிறது. பூட்டும் கிளாம்பின் கைப்பிடியா, உங்கள் இடது முழங்கையா என்று பாருங்கள். சென்சார் ஆர்க்கை நேராகப் பார்த்தால்தான் கண்ணாடி இருண்டு நிற்கும். கண்ணுக்கு ஆர்க் தெரிந்தாலும், நெற்றிக்கு மேலே இருக்கும் சென்சாருக்கு அது மறைந்துபோகலாம். இரவல் வாங்கியதில் இரண்டு சென்சார்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு சென்சார் உள்ளதில், ஒன்றிரண்டு மறைந்தாலும் மற்றவை பார்த்துக்கொள்ளும். கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள்.

சென்சார் எவ்வளவு மங்கலான ஆர்க்கையும் உணர வேண்டும் என்பதை மாற்றும் சென்சிட்டிவிட்டி குமிழை ஒரேயடியாகக் கூட்டி இதைச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பக்கத்து ஸ்டேஷன் ஆர்க்குக்கும் உங்கள் கண்ணாடி இருண்டு, பாகம் பொருத்தும் நேரத்தில் ஒன்றும் தெரியாமல் போகும். ஸ்டேஷன்களுக்கு இடையில் திரை போடச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து, கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வருவதையும் அது தடுக்கும்.

140 ஆம்பியருக்கு ஷேட் 11 சரியான தொடக்கம். இணைப்பு தெரியவில்லை என்றால் 10 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

பாதுகாப்புக் குழு உறுப்பினர் எழுதியது:

பினாங்குத் தீவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பில் இருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கிக்கொள் என்ற பேச்சுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்படி செய்யப்படும் அல்லது வழங்கப்படும் எதற்கும் முதலாளி தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியை அணிய வேண்டிய கடமையைத் தொழிலாளிமேல் வைப்பது 24-ஆம் பிரிவு. மேற்பார்வையாளர்களுக்கு இந்தப் பிரிவு மட்டும் நன்றாக நினைவிருக்கும். திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சாதாரண ஹெல்மெட் கொடுத்துவிட்டோமே என்று நிர்வாகம் வாதாடக்கூடும். அப்போது கழுத்து வலியைப் பற்றி வாய்மொழியாகப் பேசாமல், ஒரு ஷிப்டில் எத்தனை முறை தலையாட்ட வேண்டியிருக்கிறது என்பதை எண்ணி, எழுத்தில் கொடுங்கள். மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் சீட்டையும் இணைத்துவிடுங்கள். டிலே கணக்கையும் சேர்த்துக்கொடுங்கள். அரை மணி நேர உற்பத்தி என்றால் கணக்குப் பிரிவுக்குக் காது கேட்கும்.

கண்ணாடியின் ஓரத்தில், ஐரோப்பியத் தரத்தைக் குறிக்கும் EN என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து 379 என்றும், 1/1/1/2 போன்ற நான்கு எண்களும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் சிறியதாக இருந்தால் தரம் உயர்ந்தது. கடைசி எண், சாய்த்துப் பார்க்கும்போது இருட்டு எவ்வளவு மாறுபடுகிறது என்பதைக் காட்டுவது. ஜிக்கின் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும் உங்கள் வேலைக்கு அது 1 அல்லது 2 ஆக இருப்பது நல்லது.

பிறைவாசி எழுதியது:

எழுத்தில் கொடுத்தேன். இரண்டு வாரம் இழுத்தடித்த பிறகு, நான்கு சென்சார் உள்ள ஹெல்மெட்டுகள் மூன்றை நிர்வாகமே வாங்கிக் கொடுத்தது. திரை இன்னும் வரவில்லை. கிளாம்பின் கைப்பிடி பற்றி மின்யாக் ஐயா சொன்னது அப்படியே சரியாக இருந்தது. அதைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் பூட்டியதும், இரவல் ஹெல்மெட்டிலேயே ஐந்தாவதும் ஆறாவதும் ஒழுங்காக விழுந்தன.

வாங்கும்போது யாரும் யோசிக்காத ஒன்று, முன்பக்கத்தில் மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் மேலுறைத் தகடு. டேக் வேலையில் பொறிகள் தெறித்து ஒரு வாரத்திலேயே அது அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஹெல்மெட்டோடு வந்தது இரண்டுதான்; மற்ற ஹெல்மெட்டுகளின் தகடு இதற்குப் பொருந்தவில்லை. ஆகவே பெட்டியாகவே தருவிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்றோடு நான்கு நாள்கள் ஆகின்றன. ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு தலை இன்னும் பழைய பழக்கத்தில் தானாக ஆடுகிறது. எதிர் ஸ்டேஷனில் இருப்பவர், யாருக்கு வணக்கம் சொல்கிறாய் என்று கேட்கிறார்.