மடிப்புக் கயாக்கின் மரச்சட்டம் விரிசல் விட்டுவிட்டது, ஒட்டலாமா, மாற்றலாமா?

நண்பர்களே, மரச்சட்டத்தின் மேல் ரப்பர் பூசிய துணியைத் தோலாகப் போர்த்திய பழைய மடிப்புக் கயாக் (கழற்றி மடித்து வைக்கக்கூடிய துடுப்புப் படகு) ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வாரம் பாகங்களைப் பூட்டிப் படகாக்கும்போது, நீளவாக்கில் போகும் ஆஷ் மரச்சட்டம் ஒன்று பித்தளை ரிவெட் (அறையாணி) இருக்கும் இடத்திலேயே விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் ரிவெட்டைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது, வார்னிஷ் உரிந்து தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும், ஈரத்தோடு மடித்து வைத்த என் சோம்பல்தான் காரணம்.

எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றிச் சரிசெய்யலாம் என்பதால்தான் இந்த வகைப் படகு எனக்குப் பிடிக்கும். 1956-ல் ஹன்னஸ் லிண்டெமன் என்ற ஜெர்மன் மருத்துவர், கிளெப்பர் என்ற நிறுவனத்தின் மடிப்புப் படகு ஒன்றில் தனியாக அட்லாண்டிக்கையே கடந்தார் (பாயும் கட்டியிருந்தார், சரி).

விரிசல் பகுதியை வெட்டிவிட்டு, இரண்டு முனையையும் சட்டத்தின் கனத்தைப் போல 8 மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, எப்பாக்சி (இரண்டு கலவையைக் கலந்து இறுகவிடும் பசை) வைத்துப் புதுத் துண்டு ஒட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சட்டம் வளைந்து நிற்கும் இடம் அது. ஒட்டிய பகுதி விறைத்துப்போய் அடுத்த முறை பக்கத்தில் முறியுமா? ரிவெட் ஓட்டையை எப்பாக்சியால் அடைத்து மறுபடி துளைக்கலாமா?

அப்புறம் தோல். அடியில் சின்னக் கிழிசல். அது ஹைபலானா (ஒரு செயற்கை ரப்பர்) பிவிசியா (ஒரு பிளாஸ்டிக்) தெரியவில்லை, இரண்டுக்கும் பசை வேறு. ஓரமாகத் துளி கரைப்பான் தடவி, பிசுபிசுத்தால் பிவிசி என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், படம் கமெண்டில் போடுகிறேன்.